பன்னிரண்டாம் இடம்

மாடியில் குழாய் வெடித்தது காலை ஒன்பது மணிக்கு. பத்து மணிக்கெல்லாம் கண் ஆஸ்பத்திரியின் பதிவு அறையில் கணுக்கால் அளவு தண்ணீர். கருவிழி மாற்றத்துக்குக் காத்திருப்பவர்களின் வரிசை இருந்த கம்ப்யூட்டர் நனைந்த கோழி மாதிரி செத்துக் கிடந்தது.

அதைப் பார்த்துக்கொள்ளும் குமாஸ்தா பெண்ணுக்குக் கை கால் ஓடவில்லை. அந்த வரிசையில் அவளுடைய அண்ணனும் இருந்தார். பஸ் டிரைவர். இரண்டு கண்ணும் மங்கிப்போனதால், ஒரு வருஷமாக டிப்போவில் பஸ் கழுவுகிறார்.

சேதி தெரிந்ததும் அண்ணி அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

“இடம் போச்சா? மறுபடி கடைசியிலிருந்தா?”

“பதறாதீங்க அண்ணி. நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.”

புது கம்ப்யூட்டர் வந்ததும், குமாஸ்தா நோட்டைப் பார்த்து மளமளவென்று அடித்தாள். அண்ணன் ஒன்பதாவது. அனுப்பினாள். திரையில் நாலு சிவப்புப் பெருக்கல் குறி.

அது ஏன் என்று சொல்கிறேன், கண்ணுகளா. அந்த வரிசை ஐந்து ஆஸ்பத்திரிகளுக்கும் பொது. ஐந்து இடத்திலும் முழுப் பிரதி உண்டு. தலைமைப் பிரதி என்று எதுவும் கிடையாது. புதுப் பக்கம் ஒன்று வந்தால் ஐந்து கம்ப்யூட்டரும் பார்க்கும். குறைந்தது மூன்று கம்ப்யூட்டராவது சரி என்றால்தான் அது வரிசையில் சேரும். அதோடு, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முந்தின பக்கத்தின் கைரேகை மாதிரி ஒரு எண் இருக்கும். பழைய பக்கத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்த ரேகை மாறிவிடும். அதற்கப்புறம் வந்த எல்லாப் பக்கமும் காட்டிக் கொடுத்துவிடும். பிளாக்செயின் என்று பெயர். இந்தப் பெண்ணுக்குப் பயிற்சியில் சொன்னதுதான். அன்றைக்குத் தூங்கி வழிந்துவிட்டாள்.

போன் அடித்தது. வேறொரு ஆஸ்பத்திரியின் மூத்த குமாஸ்தா. எல்லாரும் வைத்த பெயர் அதட்டலக்கா.

“என்னடி அனுப்பி வச்சிருக்கே? உங்கண்ணன் உன் நோட்டுல ஒன்பது. எங்க நாலு பேர்கிட்டயும் பன்னிரண்டு!”

“எப்படிக்கா?”

“போன மாசம் டாக்டருங்க சொல்லி மூணு குழந்தைங்களை முன்னாடி ஏத்தினோம். நீ அந்த வாரம் லீவு. நோட்டு உனக்காக லீவு போடாம எழுதிக்குமா?”

அண்ணி காதோரம் கிசுகிசுத்தாள். “ஒன்பதுன்னே இருந்துட்டா என்ன?”

“நானே நினைச்சாலும் முடியாது அண்ணி. மத்தவங்க ஒத்துக்க மாட்டாங்க.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நல்லது என்று அவளுக்கே உறைத்தது. தன் நோட்டு ஜெயித்திருந்தால், மூன்று குழந்தைகளைத் தெரியாமலே பின்னுக்குத் தள்ளியிருப்பாள்.

அண்ணன் சிரித்தார். “கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிக்கிறவங்க எத்தனை பேரை நான் பார்த்திருக்கேன்! பஸ்ஸே பார்த்துக்கிட்டு இருக்கும்போது எப்படி மாத்திச் சொல்றது?”

“ரொம்பத்தான். இங்க எனக்கு உசுரு போய் உசுரு வந்துச்சு” என்று அண்ணி அவர் தோளில் ஒன்று வைத்தாள்.

போனில் அதட்டல் கொஞ்சம் தணிந்தது. “நீ ஒண்ணும் அடிக்க வேண்டாம். மெஷினைச் சும்மா விடு. எங்ககிட்ட இருக்கிறதெல்லாம் தானா வரும்.”

வந்தது. பக்கம் பக்கமாக, முதல் நாளிலிருந்து. ரேகைகள் ஒன்றோடொன்று பொருந்த, ஒரு மணி நேரத்தில் திரை நிரம்பியது. பன்னிரண்டாம் இடத்தில் அண்ணன் பத்திரமாக இருந்தார். அண்ணி அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மூவரும் கிளம்பி ஏதாவது குடிக்கலாம் என்று எழுந்தபோது ஒரு புதுப் பக்கம் வந்தது. முதல் இடத்தில் இருந்த குழந்தைக்குக் கண் கிடைத்து, அறுவை முடிந்துவிட்டதாம். நாலு பச்சைக் குறிகள் விழுந்தன. ஒரு நொடி கழித்து, இந்த அறையின் புது கம்ப்யூட்டரும் ஐந்தாவதைப் போட்டது.

“அண்ணே, பதினொன்னு!”

“ரைட், போலாம்” என்றார் டிரைவர்.