ரேடியோவில் சொன்ன அரை மணி

பதகோனியாவில் அக்டோபர், ஆடுகள் குட்டி போடும் மாதம். ஒன்பது நாளாக நானும் என் மனைவி நெலிதாவும் காற்றில் நின்று பிரசவம் பார்த்து ஓய்ந்துபோயிருந்தோம். கண்ணை மூடினாலும் ஆட்டு வால்தான் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் மேய்ச்சல் நாய் திந்தாவும் அடுப்படியில் படுத்துவிட்டாள்.

காலையில் இரண்டு குட்டிகள் போட்டாள். "ரெண்டோட சரி" என்றேன். ஆட்டுக்கு அவ்வளவுதான், நாய்க்கும் அதே கணக்கைப் போட்டேன். ஆயிரம் ஆட்டைப் பார்த்தவன் என்ற மிதப்பு.

பத்து மணிக்கு மறுபடி முக்க ஆரம்பித்தாள். ஒன்றும் வரவில்லை.

"வயித்துல இன்னும் இருக்குய்யா. தொட்டுப் பாரு, கல்லாட்டம் இருக்கு," என்றாள் நெலிதா.

"நஞ்சுக்கொடியா இருக்கும். போய் மாத்தே டீ போடு."

"நீயே போட்டுக் குடி."

ஒரு மணிக்கு, முக்கவும் தெம்பில்லாமல் திந்தா என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். பயந்துபோய் ரேடியோவில் கால்நடை டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். எங்களுக்கெல்லாம் ஒரே அலைவரிசை. ஒருவர் பேசினால் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும்.

"எவ்ளோ நேரமா முக்குது?"

பக்கத்து மேய்ச்சல்காரன், குரூமில் என்று பேர், காதைத் தீட்டிக்கொண்டிருப்பான்; கேட்டால் சிரிப்பான். "அரை மணி இருக்கும்," என்றேன்.

"அரை மணின்னாலே கிளம்பணும். ஒரு குதிரையப் பாத்துட்டு நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துடுவேன், அங்க கொண்டாந்துடு."

நெலிதா ரேடியோவைப் பிடுங்கினாள். "இந்த ஆளு பொய் சொல்றாரு, டாக்டரம்மா. மூணு மணி நேரமாச்சு."

உடனே டாக்டரம்மா பேசினார். "குதிரை இருக்கட்டும். இப்பவே வண்டிய எடுங்க. நானும் எதிர்ல வரேன், பாலத்துகிட்ட பாப்போம்."

பாலத்தருகே, வயிற்றில் குறுக்கே மாட்டியிருந்த குட்டியை டாக்டரம்மா விரலால் திருப்பி எடுத்தார். செத்திருந்தது. அதற்குப் பின்னால் ஒன்று உயிரோடு வந்தது. திந்தா பிழைத்தாள்.

"பத்தரைக்கே கூப்பிட்டிருந்தா இதுவும் பொழச்சிருக்கும்," என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் குரூமில் ரேடியோவுக்கு வந்தான். "என்ன ரோசெந்தோ, உன் கடியாரத்துல அரை மணிக்கு எத்தன மணி நேரம்?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். கோபப்படவும் எனக்குத் தெம்பில்லை.

"மூணு," என்றேன். "அதுல ஒரு குட்டி செத்துப்போச்சு. என்னாலதான். நாய் அரை மணி நல்லா முக்கியும் ஒண்ணும் வரலேன்னா, ஆடுன்னு நினைச்சு உக்காந்திருக்காதீங்கப்பா."

சிரிப்பு நின்றது. பிறகு குரூமில் குரலைத் தணித்துக் கேட்டான். "எங்க வீட்டு நாயும் இந்த வாரந்தான் குட்டி போடும். எவ்ளோ நேரம்னு சொன்ன? இன்னொரு தரம் சொல்லு."