கூட்டத்தில் ஆடிய தலை

அந்தக் குக்கர் கம்பெனியில் கூட்டம் என்றால் வாய்க்கு வேலை கிடையாது. முதலாளி பேசுவார், மற்றவர்கள் அவர் தலையைப் பார்த்துத் தங்கள் தலையை ஆட்டுவார்கள், மேனேஜர் ‘ஒருமனதாக’ என்று எழுதிக்கொள்வார். கொளுத்தும் வெயிலிலும் கோட்டைக் கழற்றாத முதலாளிக்கு ஆட்கள் வைத்த பெயர் கோட்டு. பதினாறு வருஷமாக இந்த ஏற்பாடு வழுக்கிக்கொண்டு ஓடியது.

தரம் பார்க்கிற அக்காவின் தலைதான் அதைக் கெடுத்தது. நாலு மாசமாக அது பக்கவாட்டில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது, யாரிடமோ ‘போதும் போதும்’ என்று சொல்வதுபோல. தான் வாங்கிய விருதைப் பற்றி உருகிக்கொண்டிருந்த கோட்டின் கண்ணில் அது பட்டுவிட்டது.

“என்னம்மா, நான் பேசப் பேச இல்ல இல்லங்கறீங்க?”

“அதுவா ஆடுது சார்.”

“அதுவா ஆட அது என்ன ஃபேனா?”

அறையே சிரித்தது. ஒரு வாரத்துக்குள் டாக்டர் சான்றிதழ் வேண்டும், இல்லாவிட்டால் அட்டைப்பெட்டி ஒட்டும் பகுதிக்குப் போ என்று உத்தரவு. அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு மூடி வெளியே போகாது. அந்தக் கையெழுத்தைத்தான் பிடுங்கப் பார்க்கிறார்கள்.

கோட்டு சிபாரிசு செய்த பெரிய டாக்டரின் முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டு கேடயங்கள். அவள் உட்காரும் முன்பே, போனிலிருந்து கண்ணை எடுக்காமல், “பார்க்கின்சன். பாத்தாலே தெரியுது” என்று மூணு மாத்திரை எழுதினார்.

வெளியே வந்ததும் புருஷனிடம் பொரிந்தாள். “பாத்தாலே தெரியுதாம்! எங்க பாத்தாரு அந்த ஆளு?”

“பெரிய டாக்டருடி. கத்தாத.”

“நான் ஒரு வால்வப் பாக்கவே நாலு நிமிஷம் எடுத்துப்பேன். என் தலைக்கு அது கூடவா கிடையாது?”

மறுநாள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்த டாக்டரம்மாவுக்குக் கேடயமும் இல்லை, நாற்காலிக்கு ஒரு கையும் இல்லை. கையை நீட்டச் சொன்னார், தண்ணீர் டம்ளரைப் பிடிக்கச் சொன்னார், பேப்பரில் சுருள் வரையச் சொன்னார். நடக்கவிட்டார், படுக்கவைத்தார். என்ன மாத்திரை சாப்பிடறீங்க, வீட்டுல யாருக்காவது நடுக்கம் இருந்துச்சா என்று துருவினார். தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார். கழுத்தைத் தடவிப் பார்த்து, “இடது பக்கம் கல்லு மாதிரி இருக்கே. ஆடுறப்போ நீங்களா ஏதாவது பண்ணுவீங்களா?” என்று கேட்டார்.

அக்கா கூச்சத்தோடு மோவாயில் ஒரு விரலை வைத்தாள். தலை நின்றது.

டாக்டரம்மா மேஜையைத் தட்டினார். “இதத்தான் தேடினேன்! கழுத்துத் தசை தானா இழுத்துக்குது. டிஸ்டோனியான்னு பேரு, தொட்டா நிக்கறதுதான் அதுக்கு அடையாளம். பார்க்கின்சன்ல கையோ காலோ ஆடாம தலை மட்டும் இப்படி ஆடுறது அபூர்வம். உங்க கை அசையாம நிக்குது, நடையும் சுத்தம். ரத்த ரிசல்ட் வரட்டும், தசையில ஊசி போட்டா நல்லாக் குறையும். வேலைக்கு ஒரு தடையும் இல்ல.”

அதையே எழுதியும் கொடுத்தார்.

அடுத்த கூட்டத்தில் வந்தது புது வால்வு விவகாரம். அக்கா சோதித்த பத்தில் மூணு, ஆவியை விடவில்லை. கோட்டுக்கோ லாரி காத்திருந்தது. “அனுப்பிடலாம்தானே?” என்று தலையை மேலும் கீழும் ஆட்டினார். எல்லாத் தலையும் ஆடின. அக்காவின் தலை பக்கவாட்டில் ஆடியது.

“அத விடுங்க,” என்று சான்றிதழை விசிறிபோல் ஆட்டினார் கோட்டு. “டாக்டரே எழுதிட்டாங்க, அது வியாதி. போன கூட்டத்துல நான்தான் வீணா கோவிச்சுக்கிட்டேன். ஒருமனதான்னு எழுதுய்யா.”

அக்கா எழுந்தாள். மோவாயில் விரலை வைத்தாள். தலை நின்றது.

“ஆடுதா சார்?”

“இ...இல்ல.”

“நல்லாப் பாத்துக்கோங்க.” விரலை எடுக்காமலே தலையை மெதுவாக இடமும் வலமுமாகத் திருப்பினாள். ஒரு முறை. இன்னொரு முறை. “இது வியாதி இல்ல. கையெழுத்துப் போட மாட்டேன். எவ வீட்டு அடுப்படியிலயாவது வெடிச்சா, அங்க போய் ஒருமனதான்னு படிச்சுக் காட்டுவீங்களா?”

ஆத்திரத்தில் கோட்டின் தலை கிடுகிடுவென்று பக்கவாட்டில் ஆடியது.

மேஜையைச் சுற்றியிருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். பதினாறு வருஷப் பழக்கம். அத்தனை தலையும் பக்கவாட்டில் ஆடின.

மேனேஜர் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் குனிந்து எழுதினார்: ‘வால்வுகள் ஒருமனதாக நிராகரிக்கப்பட்டன.’