சாக மறுத்த பண்ணையார்

மெக்சிகோ நகரத்தின் அந்தத் தொலைக்காட்சி ஸ்டுடியோவில் யாரும் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எலோய் மைக்கில் படிப்பான். நடிகர்கள் காதுக்குள் செருகிய குட்டிக் கருவியில் அதைக் கேட்டு அப்படியே சொல்வார்கள். 'அழு' என்றால் அழுவார்கள். ஒருமுறை எலோய் மைக்கை அணைக்காமல் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட, மூத்த நடிகர் எவரிஸ்தோ குயின்தானார் கண்ணீர் மல்க மகளின் தலையில் கைவைத்து, “ரெண்டு டாக்கோ, காரம் தூக்கலா” என்று ஆசீர்வதித்தார். அதையும் ஒளிபரப்பினார்கள். நேயர்கள் உருகினார்கள்.

இன்று அவருடைய பண்ணையார் பாத்திரம் சாகவேண்டிய நாள்.

நாடக மேடையில் அரசனாக, பாதிரியாராக, கொலைகாரனாக எத்தனையோ தடவை செத்தவர்தான். ஆனால் நாடகத்தில் செத்தால் மறுநாளும் சாகலாம். தொடரில் செத்தால் வேலை போச்சு. இந்த வயதில் அடுத்த வேடம் யார் கொடுப்பார்?

“அண்ணே, மகனை மன்னிச்சாச்சு. தலையைச் சாய்ச்சு செத்துருங்க” என்றான் எலோய், காதுக்குள்.

எவரிஸ்தோ காதைச் சொறிவதுபோல் கருவியைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் தள்ளினார்.

“மன்னிச்சேன் மகனே... ஆனா அந்தக் கிணத்து விவகாரம் இருக்கே!”

கதையில் கிணறே கிடையாது. கிணற்றிலிருந்து குதிரைக்கும், குதிரையிலிருந்து பாதிரியாருக்கும் போனார். மற்றவர்கள் காதில் வசனம் வராமல் விழித்தார்கள். டாக்டராக நடித்தவன் அவருடைய முழங்கையில் நாடி பார்த்தான். இயக்குநர் ரெனாத்தா நிறுத்தவில்லை. கிழவர் இவ்வளவு நன்றாக நடித்து அவள் பார்த்ததே இல்லை.

மனைவியாக நடிக்கும் அம்பாரோ அழுவதுபோல் அவர் மார்பில் முகம் புதைத்துக் கிசுகிசுத்தாள்.

“யோவ், செத்துத் தொலைய்யா! நீ போனாத்தான் நான் விதவை. விதவைக்குத்தான்யா பெரிய வேஷம்!”

“நீ விதவையாக, நான் வீட்ல உக்காந்து ஈ ஓட்டணுமா?”

அவள் அவர் கண்களைத் தடவி மூடினாள். அவர் திறந்தார். மறுபடி மூடினாள். மறுபடி திறந்தார். அந்தக் கண்ணில் இருந்த பயம் நடிப்பில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

நிமிர்ந்தாள். காதில் வராத வசனத்தைச் சொந்தமாகப் பேசினாள்.

“போறதுன்னா போங்க ராசா. ஆனா தினமும் என் கனவுல வந்து யோசனை சொல்லணும். உங்களைக் கேக்காம நான் ஒரு முடிவும் எடுக்கமாட்டேன். குவாதலூப்பே மாதா மேல சத்தியம்!”

மாதா மேல் விதவை செய்த சத்தியத்தை எந்தக் கதாசிரியராலும் மீற முடியாது. மீறினால் நேயர்கள் சண்டைக்கு ஸ்டுடியோ வாசலில் வந்து நிற்பார்கள். எவரிஸ்தோ யோசித்துப் பார்த்தார். நிலம், மகன், மறுமணம்... விதவைக்கு முடிவெடுக்க நிறைய இருந்தது.

“வர்றேன்டி” என்றார். உடனே, வெகு அழகாகச் செத்தார்.

“கட்!” என்றாள் ரெனாத்தா. “அந்தக் கதாசிரியரைக் கூப்பிடுங்கப்பா.”

பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

“கனவுன்னா வெள்ளைச் சட்டைதானேம்மா? கழுத்து கொஞ்சம் தொளதொளன்னு இருக்கட்டும்.”