மடித்து வெட்டிய கோட்டு

என் இடுப்பில் மூன்று துண்டுகளைச் சுற்றி, நாடாவால் இறுக்கி, முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டாள் சித்தி. மார்புக்குப் பழைய போர்வையைக் கிழித்து மடித்த பட்டை. தோளுக்கு ஒன்றாகப் பஞ்சுத் திண்டு. எல்லாவற்றின் மேலும் டேப்பை ஓட்டி, அளவு நோட்டில் எழுதியிருந்ததோடு சரி பார்த்தாள்.

"மார்பு வந்தாச்சு. இடுப்பு இன்னும் அரை இஞ்ச் வேணும். மூச்சை விடுடி, எதுக்குப் பிடிச்சு வெச்சிருக்கே?"

விட்டேன். ஒரு கைக்குட்டையை நாலாக மடித்து இடுப்பில் செருகினாள்.

"இப்ப சரி. வாங்க பெரிய டீச்சர், உக்காருங்க" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டே கால். நாலு மணிக்குள் நான் படித்த பள்ளிக்கூட அலுவலகத்தில் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதுகிறவர்கள் விண்ணப்பம் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். நடந்தால் இருபது நிமிஷம். பெயர் எழுதி, போட்டோ ஒட்டி, நாலு நாளாக அதைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். சித்தியிடமும் சொல்லியிருந்தேன். அப்போது அவள் பல்லால் நூலைக் கடித்துக்கொண்டிருந்தாள். "உம்" என்றாள். சம்மதமா, வெறுமனே கேட்டுக்கொண்டாளா தெரியவில்லை. இரண்டாம் தடவை கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்கு எப்போதுமே அப்படித்தான். சொல் நாக்குக்கு வருவதற்குள் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

நான் பத்தாவதில் கணக்கில் தோற்ற அதே வாரம், சித்தி துணி மாட்டிப் பார்க்கும் மரப் பொம்மை மாடிப்படியில் உருண்டு இரண்டாக உடைந்தது. "புதுசு வாங்கற வரைக்கும் ரெண்டு நாள் நில்லு பொம்மி" என்றாள். அதற்கு முன் என்னை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. இரண்டு நாள் நின்ற பிறகு, மரப் பொம்மையைவிட நான் எவ்வளவோ மேல் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மரப் பொம்மை கையைத் தூக்காது, உட்காராது, அக்குளில் பிடிக்கிறது என்று சொல்லாது. அதோடு நான் ஒல்லி. ஒல்லி உடம்பில் எதையும் சேர்த்துக் கட்டலாம். காலையில் பேங்க் மேலாளர் அம்மாவாக நிற்பேன். மத்தியானம் மருந்துக்கடைக்காரர் மனைவியாக நிற்பேன். அவர்கள் ஒரே ஒரு தடவை வந்து அளவு கொடுத்துவிட்டுப் போனால் போதும். போட்டுப் பார்க்க, பிடித்துக் கொடுக்க, மறுபடி போட்டுப் பார்க்க என்று யாரும் நடக்க வேண்டாம். அவர்கள் நடக்காத நடையை எல்லாம் நான் நின்று தீர்த்தேன். சித்தியைத் தேடி அத்தனை பேர் வந்ததும் அதனால்தான்.

இரண்டு வருஷமாகப் புதுப் பொம்மையைப் பற்றிப் பேச்சே இல்லை.

சித்தி கெட்டவள் இல்லை. "நீ பெருத்தா என் தொழில் படுத்துக்கும்டி" என்று சொல்லிக்கொண்டே தட்டில் இன்னொரு கரண்டி போடுவாள். அம்மா வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் "சித்தி சொல்றபடி கேட்டு நட" என்பாள். நான் நடக்கவில்லை, நிற்கிறேன் என்று ஒரு தடவையாவது சொல்ல ஆசை.

அன்று என் மேல் ஏற வேண்டியது பெரிய டீச்சரின் கோட்டு. நான் படித்த பள்ளியின் தலைமையாசிரியை அவர். மறுநாள் பரிசளிப்பு விழாவில் மேடை ஏற முழுக்கை வைத்துத் தைக்கச் சொல்லியிருந்தார். கோட்டு ஏற்கெனவே இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. கழுத்திலிருந்து வலது அக்குள் வரைக்கும் சாய்வாக ஒரு சுருக்கம் விழுகிறது, கழுத்துப் பட்டி ஒரு பக்கம் எழும்பி நிற்கிறது என்றார். மூன்றாம் தடவையாகப் பிரித்து, தற்காலிகமாக ஓட்டுத் தையல் போட்டு, இப்போது என் மேல் மாட்டினாள் சித்தி.

மாட்டி, இரண்டடி பின்னால் போய், இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"எங்கடி சுருக்கம்? அச்சுல வார்த்த மாதிரி உக்காந்திருக்கு. உன் மேல இருக்கற கோட்டு அவங்க மேல போனதும் ஏன் அழுவுது?"

தையல் புத்தகத்தோடு வந்த மாதிரித்தாளைத் தரையில் விரித்தாள். அதில் எத்தனையோ அளவுக்குக் கோடுகள் இருந்தன. எந்தக் கோடும் எந்தப் பெண்ணுக்கும் பொருந்தாது. அதனால் சித்தி அதைச் செய்தித்தாளில் எடுத்து, தேவையான இடத்தில் வெட்டி விரித்து ஒட்டுப் போடுவாள். அகலமான இடத்தை மடித்து ஊசி குத்துவாள். பெரிய டீச்சரின் தாளில் ஒட்டுக்கு மேல் ஒட்டு. பாதி உடம்புக்குத்தான் தாள். துணியை இரண்டாக மடித்து, மடிப்பின் மேல் தாளை வைத்து வெட்டினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். சித்தி எல்லாருக்கும் அப்படித்தான் வெட்டுவாள்.

சித்தப்பா கண்ணாடியைத் தேடிக்கொண்டு வந்தார். தரையைப் பார்த்தார்.

"இது இன்னிக்குப் பேப்பரா?"

"நேத்துது."

"நேத்து நான் படிக்கறதுக்குள்ள கை வெட்டிட்டே. மந்திரி என்ன சொன்னார்னு தெரியணும்னா இனிமே டீச்சரோட முழங்கையைத்தான் பிரிச்சுப் பாக்கணும்."

"மந்திரி சொல்லி நீங்க என்ன கிழிக்கப் போறீங்க? நான் கிழிச்சதாவது நாலு பேருக்கு உடுப்பாவுது. போங்க, கண்ணாடி உங்க தலை மேலதான் இருக்கு."

அவர் தலையைத் தடவிக்கொண்டே போனார். மணி மூன்று ஆவதற்குப் பத்து நிமிஷம்.

சித்தி கோட்டின் வலது கையைக் கழற்றினாள், மறுபடி வைத்தாள். கழுத்துப் பட்டியை ஒரு நூல் இறக்கினாள். பக்கத் தையலைக் கொஞ்சம் விட்டாள். எதைச் செய்தாலும் என் மேல் அது சரியாகவே இருந்தது. சரியாக இருப்பதுதான் சிக்கல். எங்கே தப்பு என்று தெரியாமல் அவள் குருட்டாம்போக்கில் பின் குத்திக்கொண்டு போனாள். கையைத் தூக்கினால் நூல் தெறிக்கும். உட்கார்ந்தால் பின் குத்தும். நான் கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தப்பு எங்கே என்று எனக்குத் தெரியும்.

நாலு வருஷம் தினமும் காலையில் வரிசையில் நின்று பெரிய டீச்சரைப் பார்த்திருக்கிறேன். அவருடைய வலது தோள் இடதைவிடக் கிட்டத்தட்ட ஒரு இஞ்ச் இறங்கியிருக்கும். உடம்பின் கனத்தை இடது காலில் போட்டு, மோவாயைத் தூக்கிக்கொண்டு நிற்பார். அளவு எடுக்கும்போது எல்லாரும் போல் விறைத்து நிமிர்ந்து நின்றிருப்பார். டேப்புக்கு அது தெரியாது. எனக்கு இரண்டு தோளிலும் ஒரே கனத்தில் பஞ்சு வைத்த சித்திக்கும் தெரியாது.

சொல்லிவிட்டால் கால் மணியில் வேலை முடியும். மூன்றரைக்குக் கிளம்பலாம். ஆனால் சொன்னால், இவள் அளவை மட்டும் சுமக்கவில்லை, ஆளையே சுமக்கிறாள் என்று சித்திக்குத் தெரிந்துபோகும். அப்புறம் என்னை யார் விடுவார்கள்? பேங்க் அம்மா தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு அளவு கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் மனைவிக்கு முதுகு லேசாக வளைந்திருக்கும். எல்லாம் பார்த்திருக்கிறேன். இரண்டு வருஷமாக வாயைத் திறந்ததில்லை. எனக்கென்று வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

மணி மூன்று ஐந்து. வலது தோளை இறக்கினேன். இடது காலில் சாய்ந்தேன். மோவாயைத் தூக்கினேன்.

கழுத்திலிருந்து அக்குள் வரைக்கும் சுருக்கம் சாய்வாக ஓடி வந்து விழுந்தது.

சித்தி வாயில் கடித்திருந்த குண்டூசி கீழே விழுந்தது. "அசையாதே. அடிப் பாவிப் பொண்ணே, அசையாதே!" என்று ஓடி வந்தாள். வலது தோளில் துணியைக் கிள்ளி, ஆப்பு மாதிரிப் பிடித்து, வரிசையாகப் பின் குத்தினாள். சுருக்கம் மறைந்தது. பட்டி கழுத்தோடு ஒட்டியது. உடனே தரையில் உட்கார்ந்து, தாளின் பக்கத்தில் இன்னொரு செய்தித்தாளை வைத்து, வலது பக்கத்துக்குத் தனியாக ஒரு பாதி வரைந்தாள். "மடிச்சு வெட்டினதுதான் தப்பு. ரெண்டு பக்கமும் ஒண்ணுன்னு எவ சொன்னா? எவ சொன்னா?" என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்டாள்.

மணி மூன்று இருபத்தைந்து. கேட்பதென்றால் இப்போதுதான். நான் இன்னும் பெரிய டீச்சர் மாதிரியே சாய்ந்து நின்றிருந்தேன். மோவாய் தூக்கியே இருந்தது. அதனாலோ என்னவோ, தொண்டை அடைக்கவில்லை.

"நான் போகணும்" என்றேன்.

குரல் கணீரென்று வந்தது. காலை வரிசையில், மைக் இல்லாமல் கடைசிப் பிள்ளை வரைக்கும் கேட்குமே, அந்தக் குரல்.

சித்தி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தாளின் மேலேயே சரிந்தாள். "ஐயோ, அவங்களேதான்! என்னங்க, இங்க ஓடி வாங்க, இவளைப் பாருங்க! இன்னொரு தரம் சொல்லுடி."

"நான் போகணும் சித்தி. நாலு மணிக்கு மூடிடுவாங்க."

"நாலு மணிக்கு மூடிடுவாங்களாம்!" சித்தப்பாவும் வந்து சிரித்தார். "கையில பிரம்பு ஒண்ணுதான் குறைச்சல்."

மூன்றாம் தடவையும் சொன்னேன். அப்போது என் குரல் நடுங்கியது. அதையும் நடிப்பு என்றுதான் நினைத்தார்கள். சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோட்டை மெல்ல என் மேலிருந்து உருவினாள். "கட்டினதெல்லாம் அப்படியே இருக்கட்டும். தச்சு முடிச்சதும் ஒரு தரம் போட்டுப் பாத்துடலாம்" என்று மெஷினில் உட்கார்ந்தாள்.

துண்டுகளோடும் பஞ்சோடும் அறை நடுவில் நின்றேன். வாசற்கதவு திறந்துதான் இருந்தது. தெருவில் வெயில் தெரிந்தது. ஒரு சைக்கிள் போனது. நாற்பது வயது உடம்பைக் கட்டிக்கொண்டு இந்தத் தெருவில் எப்படி நடப்பேன்? போயிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது கால் நகரவில்லை. மெஷின் ஓடியது, நின்றது, ஓடியது. மணி நாலானது.

நாலே முக்காலுக்குப் பெரிய டீச்சர் வந்தார். கோட்டைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றார். முன்னே, பின்னே, பக்கவாட்டில் பார்த்தார்.

"இருபது வருஷத்துல எனக்கு இப்படி ஒரு உடுப்பு உக்காந்ததே இல்ல. என்ன பண்ணினீங்க?"

"வலது தோள் கொஞ்சம் இறக்கம் டீச்சரம்மா. கண்டுபிடிச்சது நான் இல்ல, இவ. வாடி, நின்னு காட்டு."

டீச்சர் வந்ததும் திரைக்குப் பின்னால் ஒதுங்கியிருந்த என்னை இழுத்து வெளியே விட்டாள். அவருடைய இடுப்போடும் அவருடைய தோளோடும் அவர் எதிரில் நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

நான் சாயவில்லை. நேராக நின்றேன்.

"டீச்சர், தனித்தேர்வு ஃபாரம் கொடுக்க இன்னிக்குக் கடைசி நாள். என்னால நாலு மணிக்கு வர முடியல" என்றேன். என் சொந்தக் குரல்தான். சின்னதாக இருந்தது.

சித்தியின் முகம் மாறியது. அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. கை தானாக வாய்க்குப் போனது.

"அவ்வளவுதானே?" என்றார் பெரிய டீச்சர். "திங்கள்கிழமை வரைக்கும் அபராதத்தோட வாங்குவாங்க. நீ எதுக்கு அலையணும்? ஃபாரத்தை எடுத்துட்டு வா, நானே கையெழுத்துப் போட்டு ஆபீஸ்ல கொடுத்துடறேன். ஹால் டிக்கெட்டும் நானே கொண்டு வர்றேன். இனிமே நான் அடிக்கடி இங்க வரப்போறவதானே. இன்னும் மூணு துணி எடுத்து வெச்சிருக்கேன்." சித்தியிடம் திரும்பி, "இந்தப் பொண்ணை மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

சித்திக்கு உயிர் வந்தது. "பாத்தியாடி, வாசல் தாண்டாமலே காரியம் முடிஞ்சுது! பரீட்சை காலையில மட்டும்தானே டீச்சரம்மா? மத்தியானம் வந்து நின்னுக்குவா. படிப்புக்குப் படிப்பும் ஆச்சு, வேலைக்கு வேலையும் ஆச்சு."

பெரிய டீச்சர் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றினார். இரண்டு பேரும் சந்தோஷமாகத்தான் பேசினார்கள். என் அடுத்த வருஷத்துக்கு அளவெடுத்து, சாக்கால் கோடும் போட்டு முடித்துவிட்டார்கள். எங்கே வெட்டுவது என்று என்னை யாரும் கேட்கவில்லை.

"வேண்டாம் டீச்சர்" என்றேன். "திங்கள்கிழமை நான் ஆபீஸுக்கு வந்து கொடுக்கறேன்."

"ஏம்மா? நான்தான் கொண்டு போறேங்கறேனே."

"நானே வர்றேன் டீச்சர்."

அவர் பேனாவை மூடினார். கோபமா, ஆச்சரியமா தெரியவில்லை. கோட்டைப் பொட்டலமாகக் கட்டி வாங்கிக்கொண்டு, "மூணு துணியை அனுப்பறேன், மெதுவா தைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சித்தி மேஜையில் சிதறிய பின்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கக் கூடாதாடி? நான் விளையாட்டுன்னு நெனச்சேன்."

"மூணு தரம் சொன்னேன் சித்தி."

பின்களை டப்பாவில் போட்டு மூடிவிட்டு, "திங்கள்கிழமை பேங்க் அம்மாவோடது இருக்கே. யாரு நிப்பா?" என்றாள். அதட்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

"அவங்களையே வரச் சொல்லுங்க."

"வர மாட்டாங்கடி. வர வேண்டாம்னுதான் என்கிட்ட குடுக்கறாங்க. வேற இடம் பாத்துக்குவாங்க." சித்தி நோட்டைப் புரட்டி, பேங்க் அம்மாவின் பக்கத்தில் நம்பரைப் பார்த்து அழுத்தி, போனை என் கையில் திணித்தாள். "எனக்குச் சொல்ல வராது. சொல்லணும்னா நீயே சொல்லு."

மறுமுனையில் போன் அடித்தது. மூன்றாவது மணியில் எடுத்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. இருந்தாலும் சொன்னேன்.

"அம்மா, தையல் வீட்டுலேர்ந்து. திங்கள்கிழமை நீங்க நேர்ல வந்து போட்டுப் பாக்கணும்."

"நானா? எதுக்கு? எப்பவும் நிக்குமே, அந்தப் பொண்ணு இல்லையா?"

சித்தி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றேன்.