புத்தகம் உப்பியிருக்க வேண்டும்

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்தது இல்லை, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கற்பகவல்லி கேட்டார், எழுதுகிறேன். விருதுநகரில் ‘சமவாசல்’ என்ற மாற்றுத்திறனாளிகள் அமைப்பின் செயலாளர் அவர். மூன்று சக்கர ஸ்கூட்டரில் மாவட்டம் முழுக்கச் சுற்றி, ஒரு உதவித் தொழில்நுட்ப மாநாட்டையே நம் ஊருக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். இத்தனை காலம் சென்னையிலும் பெங்களூரிலும் குளுகுளு அரங்கில் நடந்தது, இந்த வியாழனும் வெள்ளியும் இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கப்போகிறது. பேசும் கைத்தடி வருகிறது. கண் அசைவால் இயங்கும் கணினி வருகிறது. பட்டாசு ஆலையில் விரல்களை இழந்தவர்கள், வெறும் குரலால் செல்போனை இயக்கிக் காட்டப்போகிறார்கள். மாநாட்டு மலருக்கு ஒரு கதை வேண்டும் என்று அவர் கேட்டபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை மறைக்கவும் விருப்பமில்லை.

இன்று செவ்வாய்க்கிழமை. மணி பத்தரை. மாலை நான்கு மணிக்குள் இந்தக் கதை சிவகாசி அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஆகவே வாக்கியங்களுக்குப் பொட்டு வைத்துப் பூ வைத்து அழகு பார்க்க நேரமில்லை.

2

உண்மையில் இந்த மலருக்காக நான் எழுதும் இரண்டாவது கதை இது. முதல் கதையை மூன்று வாரத்துக்கு முன்பே எழுதினேன். அதன் நாயகி பர்ஹத். சமவாசலில் பிரெய்லி நூல்களுக்குப் பிழை திருத்துகிறவர். வயது முப்பத்திரண்டு. அத்தா முகம்மது இஸ்மாயிலுக்கு விருதுநகரில் வத்தல் மண்டி. பர்ஹத்துக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது.

எனக்கு ஒரு பழக்கம். வேண்டாம் என்று தள்ளிய வாக்கியத்தை அழிக்க மாட்டேன், நடுவில் கோடு போட்டு அப்படியே விட்டுவைப்பேன். எழுதுகிறவனின் தடுமாற்றமும் கதையில் தெரியட்டும் என்பது கொள்கை. சோம்பேறித்தனத்துக்கு நல்ல சட்டை மாட்டிவிட்டதுதான் அந்தக் கொள்கை என்று என் வீட்டில் சொல்கிறார்கள். கோடுகளோடு அந்தக் கதையை பர்ஹத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். மறுநாள் காலை போன் வந்தது.

“சார், எனக்கு ரெண்டு தடவ கண்ணு போச்சா?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே விளக்கினார். “மொதப் பக்கத்துல பட்டாசு வெடிச்சுப் போகுது. அடுத்த பாராவுல பெறக்கும்போதே இல்லங்கீக. மூணாம் பக்கத்துல எங்க அத்தா தலையில கைய வச்சு அழுவுறாக. அவுக எந்தக் காலத்துல அழுதாக? மண்டிக்கு வந்து பாருங்க, அவுக போடுற சத்தம் ரோட்டுக்குக் கேக்கும்.”

விஷயம் இதுதான். பர்ஹத்தின் கணினி திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும். எழுத்தை வாசிக்கும், எழுத்தின் மேல் போட்ட கோட்டை அது கண்டுகொள்ளாது. நான் வெட்கப்பட்டுத் தள்ளிய பரிதாபம் அத்தனையும் அவர் காதில் கதையாகவே விழுந்திருக்கிறது. நாற்பது வருடமாக எழுதுகிறேன், இப்படிக் கையும் களவுமாக மாட்டிக்கொண்டதில்லை.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை, விதி சொன்னார். ஒரு வாக்கியத்தைக் கோடு போட்டு அடித்தால், அடித்தேன் என்று வார்த்தையில் சொல்ல வேண்டும். அடிக்குறிப்பைப் பக்கத்தின் அடியில் கொண்டுபோய் வைக்கக் கூடாது, தேடிப் போய்த் திரும்புவதற்குள் கதை கைநழுவிவிடும். ஆகவே இந்தக் கதையில் எல்லாம் அந்தந்த இடத்திலேயே கிடக்கும். மாதிரிக்கு ஒன்று:

[அடித்தது: இருளில் பிறந்த பர்ஹத் ஒளியைத் தேடி நடந்தாள். அடித்தது முடிந்தது. காரணம்: அவர் எதையும் தேடி நடக்கவில்லை. காலை ஒன்பது மணி பஸ்ஸில் சிவகாசிக்குப் போய்க்கொண்டிருந்தார்.]

[குறிப்பு: இனி கதைக்குள் அவரை ‘அவள்’ என்று எழுதுகிறேன். அனுமதி வாங்கியாயிற்று.]

3

பர்ஹத் சிவகாசிக்கு ஏன் போனாள் என்பதற்கு ஏழு வருடம் பின்னால் போக வேண்டும். ஒரு பெரிய நகரத்தில் மாநாடு. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநாடுதான். வாசலில் எல்லோருக்கும் ஒரு பை கொடுத்தார்கள். பைக்குள் வழவழவென்று ஒரு புத்தகம். எந்த அரங்கில் என்ன, எத்தனை மணிக்கு யார் பேசுகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருந்ததாகப் பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னார். பர்ஹத் தன் புத்தகத்தை விரித்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தடவிப் பார்த்தாள். விசாரித்ததற்கு, உங்களுக்கு மெயிலில் அனுப்பிவிடுவோம் மேடம் என்றார்கள். அனுப்பவும் செய்தார்கள், மாநாடு முடிந்த ஒன்பதாம் நாள்.

அவளுக்கு வந்தது கலப்படமில்லாத கோபம். நாட்டுக்கே காலண்டர் அடித்துக் கொடுக்கிற ஊருக்கு முக்கால் மணி பஸ் தூரத்தில் பிறந்தவள் அவள். அவள் கையில் வெறும் தாளைத் திணித்துவிட்டார்களே என்று பஸ்ஸிலும் வீட்டிலும் பல நாள் பொருமிக்கொண்டிருந்தாள்.

இப்போது நம் ஊரிலேயே மாநாடு என்றதும் கற்பகவல்லியிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வியாழன் காலை ஒன்பது மணிக்கு வாசலில் பை கொடுக்கும்போது, பார்வையில்லாமல் வருகிற இருநூறு பேருக்கும் அதே பையில் அதே மலர் பிரெய்லியில் இருக்க வேண்டும். அச்சகத்திலும் பிரெய்லியைத்தான் முதலில் அடிக்க வேண்டும், கண்ணால் படிக்கிற பிரதி பிறகு ஏறினால் போதும். “பத்து நிமிசம் பிந்துனாலும் எனக்கு இது அந்தப் பழைய மாநாடுதான்க்கா” என்றாள்.

இந்தக் கதையில் பணயம் வைத்திருப்பது அவ்வளவுதான். வேறு எதையும் தோண்டிப் பார்க்காதீர்கள்.

4

சிவகாசியில் அந்த அச்சகத்தார் பட்டாசுப் பெட்டியும் காலண்டரும் அடிக்கிறவர்கள். பிரெய்லி அடித்ததில்லை. ஆனால் கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையாரை மேடாக எழுப்பும் எந்திரம் அவர்களிடம் இருந்தது. பிள்ளையாரை எழுப்பத் தெரிந்தவனுக்குப் புள்ளியை எழுப்பத் தெரியாதா என்று இறங்கிவிட்டார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் என் நெஞ்சு ஒரு அங்குலம் விரிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பர்ஹத் ஐந்து நாள் தொடர்ந்து போனாள். எந்திரத்திலிருந்து இறங்கும் ஒவ்வொரு தாளையும் விரலால் படித்தாள். முதல் நாள் நாற்பத்தொரு பிழை. ஐந்தாம் நாள் ஒன்றுகூட இல்லை. கடைசிப் பக்கத்தில் ‘பிழை திருத்தம்: பர்ஹத்’ என்று அச்சாகியிருந்தது.

[அடித்தது: தன் பெயரைத் தன் விரலால் தொட்டபோது அவளுடைய கண்கள். அடித்தது முடிந்தது. காரணம்: வாக்கியம் எங்கே போகிறது என்று எனக்கே தெரிந்துவிட்டது. அவள் உண்மையில் சொன்னது, இரண்டாம் எழுத்தில் ஒரு புள்ளி சப்பையாக இருக்கிறது, சரிசெய்யுங்கள் என்பதுதான்.]

சரிசெய்தார்கள். வெள்ளிக்கிழமை சரி என்று சொல்லிவிட்டு, மாதிரிப் பிரதி ஒன்றைக் கையோடு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள். வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தாள்.

5

நேற்று, திங்கட்கிழமை மதியம், சமவாசல் அலுவலகத்துக்கு லோடு வந்தது. இருபது இருபதாகப் பத்துக் கட்டு. கட்டு ஒவ்வொன்றும் செங்கல் போல் இருந்தது. கற்பகவல்லி நாடாவை அறுத்துக் கொடுக்க, பர்ஹத் முதல் புத்தகத்தை எடுத்து விரித்தாள். விரலை ஓட்டினாள். நின்றாள். வேறொன்றை எடுத்தாள். அடுத்த கட்டைப் பிரிக்கச் சொன்னாள், அதற்கடுத்ததையும்.

“அக்கா, இது வெறும் தாளு.”

அச்சகத்துக்குப் போன் போயிற்று. ஒரு மணி நேரத்தில் ஆமத்தூர் வழியாக பைக்கை விரட்டிக்கொண்டு தங்கப்பாண்டியன் வந்து சேர்ந்தார். கட்டுப் போடும் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. எம். புதுப்பட்டிக்காரர். அவர் போட்ட கட்டு அஸ்ஸாமுக்கு லாரியில் போனாலும் ஒரு தாள் நகராது என்று கம்பெனியில் பேர். வரும்போதே சண்டைக்குத் தயாராகத்தான் வந்தார். கட்டின் நான்கு மூலையையும் தொட்டுக் காட்டி, இதில் என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டார். பிறகு, ஒரு நல்ல காரியத்தைச் சொல்கிற தோரணையில் அவரே சொன்னார்:

“புஸ்தகம்பூரா உப்பிப்போயில்ல இருந்துச்சு. நனைஞ்சு கினைஞ்சு போச்சோன்னு, எந்திரத்துல வச்சு ரெண்டு தடவ அமுக்கி நேராக்கித்தான் தாயி கட்டுனேன்.”

கற்பகவல்லி நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். பர்ஹத் கத்தவில்லை. அவள் கத்தியிருக்கலாம், அத்தாவின் தொண்டை அவளுக்கும் உண்டு. தன் மாதிரிப் பிரதியையும் கட்டிலிருந்து எடுத்த பிரதியையும் அவரிடம் நீட்டினாள், அவ்வளவுதான்.

தங்கப்பாண்டியன் இருபத்திரண்டு வருடமாகத் தாள் தொட்ட மனிதர். கண்ணை மூடிக் கட்டைவிரலால் தடவியே தாளின் கனம் சொல்வார். அந்தக் கட்டைவிரல் மாதிரிப் பிரதியில் ஒரு வரி முழுக்க மெதுவாகப் போனது. பிறகு மற்றதில் போனது.

“இம்புட்டும் எழுத்தா?”

“ஒவ்வொரு புள்ளியும் எழுத்துக்குள்ளதுதாண்ணே.”

“அப்ப உப்பியிருந்தாத்தான் படிக்க முடியுமோ?”

“ஆமா.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தாயி” என்றார். குரல் இறங்கியிருந்தது.

பர்ஹத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஐந்து நாள் அந்த அச்சகத்தில் இருந்திருக்கிறாள். தாளைத் தொட்டாள், தகட்டைத் தொட்டாள், எந்திரத்து ஆட்களைப் பாடாய்ப் படுத்தினாள். இருபதடி தள்ளி இருந்த கட்டுப் போடும் கூடத்துக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. அங்கே இருப்பவர்களும் புத்தகத்தைத் தொடுகிறவர்கள்தான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

“சொல்லல. அது என் தப்புதாண்ணே” என்றாள். “இப்பச் சொல்றேன். வியாழக்கெழம காலையில ஒம்பது மணிக்கு இருநூறும் உப்புனபடியே வரணும்.”

தங்கப்பாண்டியன் அதற்கு மேல் உட்காரவில்லை. அங்கிருந்தே முதலாளிக்குப் போன் போட்டு, சீசன் லோடு ஓடிக்கொண்டிருந்த எந்திரத்தை நிறுத்த வைத்தார். கட்டே வேண்டாம் என்றார். பேன்சி வெடிகளுக்காக அச்சகத்தில் செய்துவைத்த பெரிய அட்டைப் பெட்டிகள் புதிதாக இருக்கின்றன, உள்ளே தடுப்பு வைத்தவை. ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு புத்தகத்தை நிறுத்தி வைத்தால் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. “வேன்ல நானும் உக்காந்து வாரேன். எவனும் மேல சாயாமப் பாத்துக்கிருதேன்” என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்தார்.

6

அதன்பிறகுதான் பர்ஹத் எனக்குப் போன் செய்தாள். எப்படியும் மறுபடி அச்சு ஏறுகிறது, நீங்கள் திருத்திக் கொடுத்து மலரில் ஏறிய அந்தப் பழைய கதையை எடுத்துவிட்டு நடந்ததை எழுதுங்கள் என்றாள். அண்ணன் தப்பையும் எழுதுங்க, என் தப்பையும் எழுதுங்க, உங்க தப்பையும் விட்டுறாதீக என்றாள். தங்கப்பாண்டியனிடம் கேட்டேன். பேரை மறைக்க வேண்டாம், எம். புதுப்பட்டி என்று ஊரையும் சேர்த்துப் போடுங்கள் என்றார். தன் தப்பைப் பேரோடும் ஊரோடும் அச்சில் ஏற்றச் சொல்கிற மனிதரை இதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இப்போது எனக்கு முடிவு வேண்டும். முடிவோ வியாழக்கிழமை நடக்கப்போகிறது. இன்றைக்கே எழுதித் தொலைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. எட்டரை மணிக்கே வேன் மண்டபத்து வாசலில் நிற்கிறது. பட்டாசுப் படம் போட்ட பெட்டிகளிலிருந்து பிரெய்லி மலர்கள் இறங்குகின்றன. [அடித்தது: எல்லோரும் கைதட்டினார்கள். அடித்தது முடிந்தது. காரணம்: ஒரு பெட்டி நேரத்துக்கு வந்ததற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள். தட்டவும் கூடாது.]

முடிவு இரண்டு. வழியில் டயர் பஞ்சர். மணி ஒன்பது, ஒன்பதரை, பத்து. இதை எழுதிக்கொண்டிருந்தபோது சந்தேகம் வந்து கற்பகவல்லியிடமே கேட்டேன். அப்படி ஆனால் என்ன செய்வதாக உத்தேசம்? இதே கேள்வியை பர்ஹத் நேற்றே தீர்த்துவிட்டாளாம்.

“எங்க புஸ்தகம் வரலைன்னா ஒருத்தருக்கும் பையக் குடுக்காதீகக்கா. மேடையில எம்புட்டுப் பெரிய ஆளு வந்து உக்காந்தாலும் சரி. எல்லாரும் சேந்தே காத்திருப்போம்.”

கற்பகவல்லி சரி என்றிருக்கிறார். ஆக, அறுநூறு பேர் வருகிற மாநாடு இருநூறு புத்தகத்துக்காக வாசலில் நிற்கும். என் ஊர் இப்படி ஒரு முடிவெடுத்திருக்கிறது என்று நான் எங்கே போனாலும் சொல்லிக்கொள்வேன்.

எனவே இந்த மலர் உங்கள் கையில் இருக்கிறது என்றால், பெட்டிகள் வந்துவிட்டன. உள்ளே புள்ளிகள் எழுந்து நிற்கின்றனவா, மறுபடி அமுங்கிவிட்டனவா என்பது மட்டும் எனக்குத் தெரியாது. அதைச் சொல்லும் தகுதி எழுதியவனுக்கு இல்லை. விரலால் படிக்கிறவர்களே, இந்த வரி உங்கள் விரலுக்குக் கிடைக்கிறதா? கிடைத்தால் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிடுங்கள், வாசலில் நிற்கிற பர்ஹத்துக்குக் கேட்க வேண்டும். கண்ணால் படிக்கிறவர்கள் அந்தச் சத்தம் வரும்வரை அடுத்த பக்கத்தைப் புரட்ட வேண்டாம்.