இரண்டு குதிகால்கள்

இறந்தவருக்குக் கால்சட்டை மாட்டுவது சுலபமல்ல. முழங்கால் வளைந்து கொடுக்காது. மகள் அப்பாவின் இடது காலை மடியில் தாங்கிக்கொண்டு துணியை மேலே இழுத்தாள். காலையில் டீ குடித்து டம்ளரைக் கீழே வைத்தவர், அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். மாரடைப்பு.

கணுக்காலிலிருந்து தொடைவரை ஓடிய தழும்பை அண்ணன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அன்னைக்கே இந்தக் காலை வெட்டி எடுத்திருந்தா சின்ன ஆபரேஷன். இதயத்துக்கு இவ்வளவு சிரமம் இருந்திருக்காது. நீதான் பிடிவாதம் பிடிச்ச."

காலையிலிருந்து அவளையும் அதுதான் அரித்துக்கொண்டிருந்தது.

ஆபரேஷன் நடந்த சமயத்தில் காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து, பெருவிரல் கறுத்திருந்தது. காலை எடுக்காமல் காப்பாற்ற, அடைப்பைத் தாண்டி மாற்றுக்குழாய் தைக்க வேண்டும். ஆனால் பழைய குழாய் சுண்ணாம்பேறிக் கிடந்தது. ரத்தத்தை நிறுத்த அதில் இடுக்கி போட்டால் நொறுங்கிவிடும். அதனால் தொடையில், ரத்த அழுத்தம் பார்ப்பது போன்ற பட்டை கட்டி, அதில் காற்றடித்து, ரத்தத்தை நிறுத்திவிட்டுத் தைத்தார்கள். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போயிருந்த அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

அவர் டயர் கடைக்காரர். வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்: "ஆயுசு பூரா நான் ஊருக்குக் காத்தடிச்சேன். எனக்கே ஒருத்தர் அடிச்சாரு! பட்டையை அவுக்கும்போது புஸ்ஸுன்னு சத்தம். 'டாக்டர், பஞ்சர் இல்லையே?'ன்னேன். மனுஷன் சிரிச்சுட்டாரு."

அம்மா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தாள்.

"என்னடா பஞ்சாயத்து?"

"காலை எடுத்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரும்மா."

"யாரு, இவரா? வீட்டுக்குள்ளயே உக்காரவெச்சிருந்தா, மொதல்ல நான் போயிருப்பேன்." சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி மகளைப் பார்த்தாள். "செருப்பை எடுத்துட்டு வாடி. வெறுங்காலோட அனுப்ப வேணாம்."

செருப்பு கதவுக்குப் பின்னால் கிடந்தது. நோவு கண்ட காலத்தில் அவர் இடது காலை ஊன்றவே மாட்டார். வலது செருப்பு தேய்ந்து பிய்ந்துபோகும், இடது செருப்பு கடையில் வாங்கிய மாதிரியே இருக்கும். இந்த ஜோடியை ஆபரேஷனுக்குப் பிறகு, தானே நடந்துபோய் வாங்கிவந்தார்.

"ஐய, இதையா போடப்போற? இரு, புதுசு வாங்கிட்டு வரேன்" என்றான் அண்ணன்.

அவள் இரண்டையும் கவிழ்த்துக் காட்டினாள். இரண்டு குதிகாலும் ஒரே மாதிரி, ஓட்டை விழும் அளவுக்குத் தேய்ந்திருந்தன.

அண்ணன் இடது செருப்பை வாங்கி, ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் சுரண்டினான். பிறகு குனிந்து, வாரை இறுக்காமல், அப்பாவின் காலில் மாட்டினான்.