அசையாத ஆணிகள்

சுருதி முறுக்கியை மாட்டித் திருப்பியதும் பியானோவின் ஆணி ஒரு எதிர்ப்பும் இல்லாமல் சுழன்றது. எல்வுட் கையை எடுத்துவிட்டார்.

தம்பி லமாரின் சவப்பெட்டி தேவாலயத்துக்கு வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அதற்குள் பியானோவை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கறுப்புக் கோட்டோடு முன்னாலேயே வந்திருந்தார். ஒரு மரியாதைக்குத்தான். அவர் கை வைத்த பியானோவில் பார்க்க என்ன இருக்கிறது?

பத்தொன்பது வருடத்துக்கு முன் அதில் புது ஆணிக்கட்டை வைத்தவர் அவர். கம்பிகளை இழுத்து நிறுத்தும் இருநூற்றுச் சொச்சம் ஆணிகளையும் அந்த மேப்பிள் கட்டைதான் இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிடி விட்டால் சுருதி போய்விடும். ஈஸ்டருக்குள் முடிக்கிற அவசரத்தில் எல்லாத் துளைகளையும் ஒரே நாளில் போட்டார். புகை வருகிறது, துளைக்கிற அலகு கொஞ்சம் ஆறட்டும் என்று லமார் சொன்னான். துளையின் சுவர் கருகினால் வழவழத்துப்போகும், ஆணி நிற்காது. அவர்களுடைய பியானோப் பட்டறைக்கு வந்த முதல் வாரமே எல்லாரும் கற்றுக்கொள்வது அது.

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்றார் எல்வுட்.

அதற்குப் பிறகு தம்பியைக் கட்டை வேலைக்கே விடவில்லை. மெருகு போடுவதும் கம்பி கட்டுவதும் மட்டும் அவன் பங்கு. அவன் வாய் திறந்தால் போதும், "சர்ச் பியானோவப் போய்ப் பாரு. ஒரு ஆணி அசைஞ்சிருக்கா?" என்பார்.

"அசையலண்ணே" என்பான் லமார்.

எல்வுட் கம்பியைத் தளர்த்தி ஆணியை உருவினார். அதோடு உப்புத்தாள் துண்டு ஒன்று சுருண்டு வந்தது. பிடி போன துளையில் வைத்து ஆணியை இறுக்கியிருந்தார்கள். அடுத்ததிலும் இருந்தது. அதற்கடுத்ததில் இருந்த தாள் புதிது. அதோடு நிறுத்திக்கொண்டார்.

தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் டோரிஸ் பூக்களோடு வந்தாள். லமார் சனிக்கிழமை தவறாமல் காலை ஏழு மணிக்கு வந்து பியானோவைச் சரிசெய்வார், போன வாரம் ஆஸ்பத்திரியில் இருந்ததால்தான் வரவில்லை என்றாள். பக்கவாட்டுக் கதவின் சாவிகூட அவரிடம்தான் இருந்ததாம்.

"என்ன சொல்லிட்டு வருவான்?"

"அண்ணன் அனுப்புனாருன்னுதான். நீங்கதானே அனுப்புனீங்க?"

எல்வுட் தாள்களைத் திரும்பச் சுற்றி, ஆணிகளை இறக்கி, அவசரமாகச் சுருதி சேர்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

மூன்றாவது பாட்டின் நடுவில் ஒரு சுரம் இறங்கியது. யாரும் கவனிக்கவில்லை. முன்வரிசையில் அவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

அடக்கம் முடிந்து கீழ்த்தளத்தில் சாப்பாடு. பாதிரியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் கட்டை இன்றைக்கும் எப்படி நிற்கிறது பாருங்கள் என்றார்.

"அது அன்னிக்கே கருகிப்போச்சு பாஸ்டர். தப்பு என்னோடது."

துக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்று நினைத்த பாதிரியார் அவர் தட்டில் இன்னொரு துண்டு ஹாம் வைத்தார்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் தம்பியின் மூக்குக்கண்ணாடியோடு ஒரு பித்தளைச் சாவியும் இருந்தது. வீட்டிலும் பட்டறையிலும் அது எந்தப் பூட்டிலும் சேரவில்லை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எல்வுட் அதைத் தேவாலயத்தின் பக்கவாட்டுக் கதவில் போட்டுத் திருப்பினார். கதவு திறந்தது. முறுக்கியையும் ஒரு தாள் உப்புத்தாளையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.